தவக்காலத்தில் சுழன்ற தட்டு

போன மாதம் என் மகன் ஒரு ரெக்கோட் பிளேயர் வாங்கி வந்தான். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் முன்னறையில் அதை வைத்து, இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைப் பூட்டி, "அப்பா, உங்கட காலத்துச் சாமான். நீங்களே ஊசியை வையுங்கோ" என்றான். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். காலி வீதியைக் கடந்து, கடலோரப் பாதையில் இறங்கி, தெஹிவளைப் பக்கம் வரை நடந்தேன். திரும்பி வந்தும் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான். கதிரையில் உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது. எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கையில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கு என் சின்ன மாமாவை நினைவிருக்கும். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் சாமான் கணக்கு எழுதும் கிளார்க். உங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கை தட்டிக் கூப்பிடுகிறவர். நான் நடக்கப் பழகிய காலத்தில் அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்து, ஒப்பரேசன் செய்து, குரல் போய்விட்டது. மிச்சமிருந்தது காற்று மட்டும். அவர் பேசினால் கடதாசியைக் கசக்குவதுபோல இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அவரோடு கதைக்கிறவர்களும் தங்களை அறியாமலே இரகசியம் பேசத் தொடங்கிவிடுவார்கள். "எனக்குக் காது கேக்கும் அக்கா, நீங்கள் சத்தமாவே ஏசுங்கோ" என்று அம்மாவுக்குச் சொல்லுவார்.

அந்தக் குரல் போவதற்கு முன்னர் அவர் கோயில் பாடகர் குழுவில் முதல் ஆள். ஒரு தடவை வானொலியிலும் பாடியிருக்கிறார், ஒரு மாதா பாட்டு. அங்கே வேலை செய்த ஒருவர் அன்பாக அந்தப் பாட்டை ஒரு தட்டில் வெட்டிக் கொடுத்தார். கடையில் விற்கும் ரெக்கோட் போல அழுத்திச் செய்ததல்ல. ஒரு அலுமினியத் தகட்டில் நகப்பூச்சு மாதிரி மெல்லிய கறுப்புப் பூச்சு, அதில் நேரே கீறிய கோடுகள். உலகத்தில் அது ஒன்றுதான். கொடுத்தவர் சொல்லியிருந்தாராம்: பழைய கிராமபோன் ஊசியில் ஒருபோதும் வைக்காதே, ஒரே தரத்தில் செதுக்கிப்போடும், நல்ல மெல்லிய ஊசியிலும் ஐந்தாறு தரத்துக்கு மேல் போடாதே, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாகும். மாமா அதை ஒரு பழைய தலையணை உறையில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தார். வெட்டிய அன்று ஒரு தரம் கேட்டதுதான். பணக்கார வீடுகளில் ரேடியோகிராம் இருந்தது. அங்கே கொண்டுபோகச் சொன்னால் தலையாட்டுவார். "மற்ற ஆக்களிட வீட்டில நிண்டு என்ட குரலைக் கேக்கேலாது."

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் தெஹிவளையில் ஒரு டீச்சர். வீட்டாரோடு எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்த அன்று அந்த டீச்சர் மாமாவின் பக்கம் குனிந்து குனிந்து கேட்டார். போகும்போது அம்மாவிடம், "பாட்டுக்காரர் எண்டு சொன்னாங்க. அது எப்பிடி இருந்திருக்கும் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். அம்மாவுக்கு அது குத்தலாகப் பட்டது. மாமாவுக்கு அப்படிப் படவில்லை. அவர் அடுத்த நாளே ரெக்கோட் பிளேயர் தேடப் புறப்பட்டார்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத காலம் அது. சவர பிளேடுக்குக்கூடத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கப்பலின் சமையல்காரரிடம் மூடி உடைந்த பிளேயர் ஒன்று இருந்தது. இரண்டு போத்தல் சாராயத்துக்கும் ஒரு பொதி தேயிலைக்கும் அது மாமாவின் கைக்கு மாறியது. அதை வெளியே கொண்டுவரும்போது வாசலில் காவல்காரன் மறித்து, "மே மொக்கத?" என்று கேட்டானாம், இது என்ன என்று. மாமா தன் வழக்கமான காற்றில் பதில் சொன்னார். அவன் பெரிய இரகசியம் என்று நினைத்து, அக்கம்பக்கம் பார்த்து, தானும் காற்றிலேயே, "ஹரி, ஹரி, யன்ன", சரி சரி போ என்று விட்டுவிட்டான். மாமா இதைச் சொல்லிச் சிரித்தபோது சத்தமே வராமல் தோள்கள் மட்டும் குலுங்கின.

மற்றவை மாளிகாவத்தையில் இருந்த ரேடியோ பாஸின் கைவேலை. திருத்த வேலைக்காரரை நாங்கள் பாஸ் என்போமே. உங்கள் வீட்டு ரேடியோக்களையும் அவர்தான் திருத்தினார். சைக்கிளில், பின்னால் கட்டிய தகரப் பெட்டியோடு, வெள்ளைத் தொப்பியோடு வருவார். செத்துப்போன ரேடியோக்களின் உள்ளே கிடந்ததையெல்லாம் பொறுக்கி, ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அம்பிளிபயர் கட்டினார், எங்கள் வாயில் அம்ப். ஸ்பீக்கர் இரண்டு, ஒன்று யாரோ காரிலிருந்து கழற்றியது, மற்றது புறக்கோட்டைப் பாதையோரத்தில் கிடைத்தது. அவற்றுக்குப் பெட்டி வேண்டுமே. மாமா துறைமுகத்திலிருந்து இரண்டு தேயிலைப் பெட்டிகள் கொண்டுவந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டிகள், வெளியே கறுப்பு மையில் ஏதோ தோட்டத்தின் எழுத்துகள். பாஸ் அவற்றில் வட்டமாக வெட்டி ஸ்பீக்கரைப் பொருத்தினார். ஈயம் உருகும் மணமும் தேயிலைத் தூளின் மணமும் சேர்ந்து எங்கள் முன்னறை ஒரு கிழமை முழுக்க ஒரு பட்டறையாகக் கிடந்தது.

"ஒரு ஆள்ட பாட்டுக்கு எனத்துக்கு ரெண்டு பெட்டி?" என்று பாஸ் கேட்டார்.

"ஒண்டு அவவுக்கு. மற்றது எனக்கு" என்றார் மாமா.

"அப்ப எனக்கு?"

"நீங்கள் நடுவில இருங்கோ பாஸ், நசிபட்டுக்கொண்டு."

கடைசியாக வந்தது ஊசி. அதுதான் கஷ்டம். பாஸ் யார் யாரிடமோ சொல்லி வைத்து, நெருப்புப் பெட்டிக்குள் பஞ்சில் பொத்தி ஒரு ஊசியைக் கொண்டுவந்தார். "புத்தம் புதுசு. ஒரு மயிரிட பாரந்தான் இதுக்குத் தாங்கும். கை நடுங்கினா நீங்க தொடவேணாம், என்னக் கூப்பிடுங்க" என்றார். ஊசியைப் பூட்டி, பாதையோரத்தில் வாங்கிய பைலா ரெக்கோட் ஒன்றைப் போட்டார். இரண்டு தேயிலைப் பெட்டிகளும் அதிர்ந்து, இடுக்குகளிலிருந்து தேயிலைத் தூசு பறந்தது. அப்பா, சிரிக்கவே தெரியாத என் அப்பா, சாரத்தை மடித்துக்கொண்டு இரண்டு அடி ஆடினார்.

அது செவ்வாய்க்கிழமை. அடுத்த நாள் விபூதிப் புதன்.

அந்தக் காலத்து எங்கள் வீடுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தவக்காலம் தொடங்கினால் பாட்டு இல்லை, சினிமா இல்லை, கல்யாணம் இல்லை. ரேடியோவுக்கு மேல் துணி போட்டு மூடிவிடுவார்கள். பெரியவர்களுக்கு ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு. எங்களுக்கு இனிப்பு இல்லை. யாராவது உரக்கச் சிரித்தாலே அம்மா சுவரில் தொங்கும் சிலுவையைப் பார்ப்பார். மாமாவின் கல்யாணம் உயிர்த்த ஞாயிறு முடிந்து அடுத்த கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது. தட்டைப் பொம்பிளையின் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவது உயிர்த்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்று முடிவாயிற்று. மாமா அம்பையும் பெட்டிகளையும் ஒரு வெள்ளை விரிப்பால் மூடினார். கோயிலில் சுரூபங்களைத் துணியால் மூடுவது போலவே இருந்தது.

நான் அந்த விரிப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடத்தால் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கணக்குச் செய்ய உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். மாமா கை தட்டும்போதெல்லாம், இந்த மனிதருக்கு ஒரு குரல் இருந்தது, அது இந்த அறையிலேயே, அலுமாரியின் மேல் தட்டிலேயே இருக்கிறது என்று நினைப்பேன். அவருடைய வாயிலிருந்து ஒரு தரமாவது ஒரு சத்தம் வரக் கேட்டதில்லை நான். எல்லாரையும்விட எனக்கு அவரைப் பிடிக்கும். எனக்கு முன்னால் தெஹிவளையிலிருந்து யாரோ வந்து அதைக் கேட்கப்போகிறார்கள் என்பதும் பொறுக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம். அப்பாவும் மாமாவும் வேலையில். அம்மா குசினிக்குப் பக்கத்து அறையில் ஒருசந்திக் களைப்பில் தூங்கினார். நான் விரிப்பைத் தூக்கி, ஸ்டூலில் ஏறித் தட்டை எடுத்து, பிளேயரில் வைத்தேன். அம்பைப் போடவில்லை. பிளேயரின் மோட்டர் தனி. அம்ப் போடாவிட்டாலும் தட்டு சுற்றும். ஊசியை வைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோனால், ஊசியிலிருந்தே ஒரு சன்னமான சத்தம் வரும். இதைச் செவ்வாய்க்கிழமை பாஸ் சோதித்தபோதே கவனித்து வைத்திருந்தேன்.

நான் ஒன்றும் தெரியாத பிள்ளை அல்ல. ஐந்தாறு தரத்துக்கு மேல் போடக்கூடாது என்பது தெரியும். தவக்காலத்தில் பாட்டுக் கேட்கக்கூடாது என்பதும் தெரியும். ஆனால் இரண்டு கட்டளையையும் என் மனது ஒன்றாக்கிவிட்டது. சத்தம்தானே பாவம்? வீட்டில் சத்தம் வராவிட்டால் பாவமும் இல்லை, தட்டுப் போட்டதாகவும் ஆகாது. அப்படித்தான் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பது சரி.

முதல் நாள் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த நாள் ஊசித் தலையின் மேல் சதுரமான ஐந்து சத நாணயக் குற்றி ஒன்றை வைத்தேன். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. பிறகு இரண்டு குற்றி. கன்னத்தைத் தட்டின் விளிம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். மூன்று நிமிடம். முடிந்ததும் இன்னொரு தரம். ஊசியின் அடியில் கறுப்பாக, மயிர் போல ஒரு சுருள் சேரும். அதை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி வைப்பேன். அது என்ன என்று நான் யோசிக்கவில்லை. பெரிய வியாழன் வரை, அம்மா தூங்கிய ஒவ்வொரு பின்னேரமும்.

உயிர்த்த ஞாயிறு. மஞ்சள் சோறு, கோழிக்கறி, நாற்பது நாளுக்குப் பிறகு வட்டிலப்பம். பொம்பிளையின் தாய் தகப்பன் வந்திருந்தார்கள். பாஸையும் மாமா கூப்பிட்டிருந்தார்; அவர் புதுச் சட்டை போட்டு, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்தார். ஒழுங்கையில் விசயம் எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீடுகளிலிருந்தும் ஆட்கள் யன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். வரப்போகும் மாமி ஒரு தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். மாமா மற்றப் பெட்டிக்குப் பக்கத்தில்.

பாஸ் ஊசியை வைத்தார்.

தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரு இரைச்சல். அதற்குள் எங்கோ தூரத்தில், இரண்டு மூன்று சுவருக்கு அப்பால், ஒரு ஆண் ஏதோ சொல்ல முயற்சிப்பது போலக் கேட்டது. பிறகு அதுவும் கிழிந்தது. மூன்று நிமிடமும் அப்படியே ஓடியது. மாமி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாட்டு வரும் என்று காத்திருந்திருக்கிறார். மாமாதான் எழுந்து ஊசியைத் தூக்கினார்.

பாஸ் அவசரமாகப் பைலா ரெக்கோட்டைப் போட்டார். அதுவும் கரகரத்தது. அவர் ஊசியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி வில்லையை எடுத்துக் கண்ணில் பிடித்துக்கொண்டு யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது தேஞ்சி ஈக்கே. மாத்தயா, இந்த ஊசிய யாரோ போட்டீக்காங்க. கன தரம்."

"ஆர் போட்டது?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "விபூதிப் புதனிலயிருந்து இந்த வீட்டில ரேடியோகூடப் போடேல்ல. ஒரு சத்தம் கேட்டதோ எண்டு ஒழுங்கையில கேட்டுப் பாரும்!"

யன்னலுக்கு வெளியே நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார்கள். பொய் இல்லை. ஒருவருக்கும் கேட்கவில்லைதான்.

பாஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் என்னிடம் வந்து நின்றது. "மகன், நீங்க இதத் தொட்டீங்களா?"

"என்ட பிள்ளையையோ கேக்கிறீர்?" அம்மா நடுவில் வந்தார். "நாப்பது நாளும் ஒரு டொபி வாயில வைக்காத பிள்ளை! பழைய ஊசியைப் புதுசெண்டு தந்துபோட்டு, தவம் இருந்த வீட்டில வந்து பாவம் கட்டுறீரோ?"

"இல்லை" என்றேன் நான். ஒரு தரம்தான் கேட்டார், ஒரு தரம்தான் சொன்னேன். மூன்று தரம் கேட்டிருந்தால் மூன்று தரமும் சொல்லியிருப்பேன்.

பாஸ் வில்லையைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார். அவரும் ரமழான் நோன்பு பிடிக்கிற மனிதர். தவம் இருந்த வீடு என்ற சொல் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். "நோம்பிருந்த ஊட்ல பொய் வராது. அப்ப எனக்கித் தந்தவன்தான் ஏமாத்தீப்பான். நான் பாக்காம வாங்கின பிழை" என்றார். ஊசியைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டார். மாமா ஏதோ சொன்னார். அந்தக் கூச்சலில் அவருடைய காற்று எங்கே கேட்கும். கைதட்டினார். பாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடாமலே போனார். மஸ்கட் பெட்டியை அம்மா எறும்புக்கு விட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். "மாளிகாவத்தைப் பாஸ் பழைய ஊசியை வித்தவன்" என்பது நாலே நாளில் கொச்சிக்கடை வரை போய்விட்டது. உங்கள் வீடுகளில் ரேடியோ பழுதானால் வேறு ஆளைத் தேடினீர்கள். அவர் சைக்கிள் அந்தப் பக்கம் வருவது நின்றது. கல்யாணம் நடந்தது. நான் பூசையில் சேர்வ் பண்ணுகிற பையன்களோடு நின்று பூ எறிந்தேன். மாமா ஒருநாளும் பாஸைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அந்த அம்பையும் பெட்டிகளையும் தெஹிவளைக்குக் கொண்டுபோனதுமில்லை. தேயிலைப் பெட்டிகளில் அம்மா பழைய உடுப்புப் போட்டு வைத்தார். மாமா செத்தபோது எனக்கு ஐம்பத்துநாலு வயது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் சொல்லவில்லை.

போன கிழமை தெஹிவளைக்குப் போனேன். மாமிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. யன்னலோரம் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே சொன்னேன்.

"மாமி, அந்த ரெக்கோட்டைக் கெடுத்தது நான்."

முறித்த காயைச் சுளகில் போட்டார். "எத்தினை தரம் போட்டனி?"

"எண்ணேல்ல. கன நாள்."

"அப்ப நீ அவற்ற குரலைக் கேட்டிருக்கிறாய்."

"ஓம்."

"எப்பிடி இருந்தது?"

தேன் மாதிரி என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், எண்பது வயதில் அதை வைத்துக்கொண்டு சந்தோசமாக இருந்திருப்பார். ஆனால் அந்த வீட்டுக்குள் இன்னொரு பொய்யைக் கொண்டுபோக மனம் வரவில்லை.

"காதடியில நுளம்பு பறந்து பாடினமாதிரி, மாமி. அம்ப் போடாமல் கேட்டால் அவ்வளவுதான். அடிக்குரலோ மேல்குரலோ எண்டுகூட எனக்குத் தெரியாது. அவர் மூச்சு எடுக்கிற இடங்கள் மட்டும் தெரிஞ்சது."

"மூச்சு எனக்கும் தெரியும்" என்றார். "பக்கத்தில படுத்தனான்தானே."

இன்னும் இரண்டு காயை முறித்துச் சுளகில் போட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டீச்சராக இருந்தபோது அப்படித்தான் பார்த்திருப்பார்.

"இதை அந்த பாஸ்ட ஆக்களிட்டச் சொன்னியோ?"

"இல்லை."

"எனக்குப் போனது ஒரு பாட்டு. அந்த மனுசனுக்குப் போனது மானம். நீ பிழையான வீட்டுக்கு வந்து நிக்கிறாய், தம்பி. போ."

அடுத்த நாள் மாளிகாவத்தைக்குப் போனேன். அவருடைய பட்டறை இருந்த இடத்தில் மாடி வீடுகள். மூன்று நாள் போய்ப் போய்க் கேட்டேன். ஒரு தேத்தண்ணிக் கடையில் என்னைவிட வயதான ஒருவர் மட்டும் யோசித்துச் சொன்னார்: "ரேடியோ செஞ்ச மனிசனா? அவர் பொறகு ரேடியோ தொடல்ல. புறக்கோட்டைல கொட திருத்தினார். மௌத்தாகி எவ்வளவு காலம். ஒரே மகள், கலியாணம் முடிச்சிப் போனது, எங்கண்டு தெரியா." குடை. அந்த விரல்கள் குடைக்கம்பியை வளைத்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

அவருக்குச் சொல்ல முடியாது. மகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்றும் போகிறேன். மிச்சமிருப்பது நீங்கள்தான். அன்றைக்கு யன்னலுக்கு வெளியே நின்று தலையாட்டியவர்களின் பிள்ளைகள் நீங்கள். அந்தக் கதையை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தீர்கள். சிலர் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்கிறீர்கள், எனக்கே சொல்லியிருக்கிறீர்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இனி சொல்லும்போது இப்படிச் சொல்லுங்கள்: தட்டைச் சாகடித்தவன் அந்த வீட்டுப் பிள்ளை. பாஸ் கட்டிய அம்ப் நல்லது. அவர் தந்த ஊசி புதிது.